புதுப்பிப்பு: தங்கைக்குப் பார்த்துப் பழக இடம் கிடைத்தது

கால்நடை மருத்துவம் சேரும் முன் அந்த வேலையை நேரில் பார்க்கத் தங்கை ஆசைப்படுகிறாள், சம்பளம் வேண்டாம் என்றாலும் திருநெல்வேலியில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். 5½ வருடப் படிப்பு. பிடிக்குமா என்று தெரியாமல் எப்படிச் சேர்வது?

தனியார் கிளினிக் ஒன்றில், நாய் கடித்தால் யார் பொறுப்பு என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "பொம்பளப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றும் சொன்னார்கள். அது இன்னும் வலிக்கிறது.

அப்புறம், இங்கே பலர் சொன்னபடி அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டோம். டாக்டரம்மா சம்மதித்தார். அப்பாவின் கடிதம் வேண்டும், வெறிநோய்க்கு முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பார்க்க மட்டும்தான் அனுமதி. சரிதான், 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவம் பார்க்க முடியும்.

எதிர்பாராமல் கிடைத்த ஆசான், மானூர்ப் பக்கம் கன்னி இன ஆடு வளர்க்கும் எங்கள் மாமா. ஆட்டின் கீழ் இமையை இழுத்துக் காட்டி, "சிவப்பா இருந்தா நல்லாருக்கு, வெளுத்திருந்தா வயித்துல புழு இருக்கும்மா" என்றார். ரத்தம் குடிக்கும் புழுவால் வரும் சோகையை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று டாக்டரம்மாவும் விளக்கினார். அன்று முழுக்கத் தங்கை அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

மாடுகளுக்குச் சினைப் பரிசோதனை செய்வதை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், முதல் வருடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.