மறு: இசைத்தட்டுக் கலைச்சொற்கள் – ‘குரூவ்’ என்பதற்குச் ‘சால்’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம்மிடமுள்ள இசைத்தட்டுகளையும் அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவிகளையும் பற்றித் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்த நாள்முதல், எல்லோருடைய மடலும் ஒரே இடத்தில் இடறுவதைக் கவனித்து வருகிறேன். தட்டு, ஊசி, ஒலிபெருக்கி என்பவை தடையின்றி வருகின்றன. தட்டின் மேல் ஊசி ஓடும் அந்த நுண்ணிய பள்ளத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒருவர் ‘குரூவ்’ என்கிறார், இன்னொருவர் ‘கோடு’ என்கிறார், மற்றொருவர் ‘வரிப்பள்ளம்’ என்கிறார். இந்த ஒரு சொல் சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தாமாகவே அமைந்துவிடும் என்பது என் எண்ணம். ஆகையால் இம்மடலின் பெரும்பகுதியை அதற்கே செலவிடுகிறேன்.

‘கீறல்’ என்ற முன்மொழிவை முதலில் விலக்கிவிடலாம். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்பது இசைத்தட்டைக் கண்ணால் கண்டிராதவர்களிடமும் வழங்கும் தொடர். பழுதின் பெயரை உறுப்புக்கு வைத்துவிட்டால், ‘இந்தத் தட்டில் கீறல் நன்றாக இருக்கிறது’ என்று எழுதுபவர் தட்டைப் புகழ்கிறாரா, வாங்கவிடாமல் தடுக்கிறாரா என்பது விளங்காமல் போகும். ‘வரிப்பள்ளம்’ பொருளை விளக்குகிறது. ஆனால் விளக்கம் வேறு, பெயர் வேறு. அதனுடன் இன்னொரு சொல்லைச் சேர்க்க முயன்றால் நாக்கு களைத்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதிய ‘தவாளிப்பு’ அப்படித் தள்ளத்தக்கதன்று. இலங்கைத் தொழில்நுட்ப நூல்களில் வழங்கும் சொல் அது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் இதற்குக் ‘காடி’ என்பார்கள். இரண்டும் உயிருள்ள சொற்கள், இரண்டும் கைத்தொழிலில் பிறந்தவை. எனினும் அவற்றின் பொருள் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். காடி என்பது வேறொன்று வந்து அமர்வதற்காக வெட்டப்படுவது. சட்டத்தின் காடியில் பலகையோ கண்ணாடியோ அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் வேலை சரியில்லை என்று பொருள். இசைத்தட்டில் ஊசி நிற்பதற்குப் பள்ளம் வெட்டப்படவில்லை, செல்வதற்கு வெட்டப்பட்டிருக்கிறது. காடி ஓர் இருப்பிடம், நமக்கு வேண்டியது ஒரு வழி.

அந்த வழிக்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு. ஏர் உழுதுகொண்டு போகும்போது அதன் இரும்பு முனையாகிய கொழு மண்ணைக் கிழித்துச் செல்லும் நீண்ட பள்ளத்தை உழவர் ‘சால்’ என்பர். இசைத்தட்டின் ஒரு பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நான் முதன்முறை பார்த்தபோது, எங்கள் ஊரில் ஐப்பசி மழைக்குப் பின் உழுதுபோட்ட புன்செய்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஒப்புமையை மட்டும் வைத்து இச்சொல்லைப் பரிந்துரைக்கவில்லை. தட்டு உருவாகும் முறையே உழவை ஒத்திருக்கிறது.

ஒரு நெடுந்தட்டின் (எல்.பி.) ஒரு பக்கத்தில் இருப்பது நூற்றுக்கணக்கான வட்டங்கள் அல்ல, விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு சால். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 22 நிமிடம் ஓடும் பக்கமானால் அது 730-க்கு மேற்பட்ட சுற்றுகள் சுற்றுகிறது. அதைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 450 மீட்டர் வரும். அதனை முதலில் வெட்டுவது மூலத்தட்டின் மேல் இறங்கும் ஒரு வெட்டுமுனை. பாட்டின் அதிர்வுக்கேற்ப அந்த முனை நெளிந்து நெளிந்து செல்ல, அது கிழித்த பள்ளம் அந்த நெளிவுகளையெல்லாம் தன் சுவர்களில் வாங்கிக்கொள்கிறது. பிறகு நம் வீட்டில் ஊசி அதே பள்ளத்தில் அதே நெளிவுகளுடன் நடந்து வருகிறது. ‘முன் ஏர் போன வழியே பின் ஏர்’ என்னும் பழமொழியை ஒலிப்பதிவுக்காகவே யாரோ சொல்லிவைத்ததுபோல் இருக்கிறது.

இதனால் நமக்குக் கிடைக்கும் இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் வெட்டும் முனைக்கும் ஒலிக்கவைக்கும் முனைக்கும் ‘ஸ்டைலஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அடைமொழி சேர்த்துப் பிரிக்கிறார்கள். நாம் வெட்டுமுனையைக் ‘கொழு’ என்றும், பின்னால் நடப்பதை ‘ஊசி’ என்றும் சொல்லிவிடலாம். சிலர் ‘முள்’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணங்களுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டிய பெரியவரும் ‘முள் தேஞ்சிடுச்சு’ என்றுதான் சொல்வார். கடிகார முள், தராசு முள் என்பவற்றோடு அது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ஊசி, முள் இரண்டையும் ஒரே பொருளில் வழங்கவிடலாம், ஒன்றை அடக்க வேண்டியதில்லை.

ஒரு வேர்ச்சொல் நல்லதா என்பதை அதிலிருந்து எத்தனை கிளைகள் வருந்தாமல் பிரிகின்றன என்பதைக் கொண்டு அறியலாம். விளிம்பில் பாட்டு தொடங்கும்முன் ஊசியை உள்ளே அழைக்கும் பகுதி ‘புகுசால்’. பாட்டு முடிந்தபின் ஊசியை நடுவுக்கு விரைவாக இழுத்துச் செல்லும் பகுதி ‘விடுசால்’. அதன் இறுதியில் தன்னையே சுற்றி மூடிக்கொண்டு ஊசியை மேலே போகவிடாமல் நிறுத்தும் வளையம் ‘பூட்டுச்சால்’. அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே வெட்டப்படாமல் நிற்கும் மேடு ‘வரப்பு’. உரத்த ஒலியுள்ள பகுதியில் சால் அகலமாக நெளிவதால் வரப்புக்கும் அதிக இடம் விட வேண்டும்; அதனால்தான் ஒரு பக்கத்தில் அடக்கக்கூடிய நேரம் குறைகிறது. வரப்பு மிக மெலிந்துவிட்டால் பக்கத்துச் சாலின் ஒலி கசிந்து, அடுத்த சுற்றில் வரவேண்டிய பல்லவி முன்கூட்டியே மெல்லிய நிழல்போலக் கேட்கும். இதைக் கேட்டிருக்கும் நண்பர்கள் ‘வரப்புக் கசிவு’ என்று எழுதிப் பார்க்கட்டும், பொருள் உடனே விளங்கும்.

1950-களின் இறுதியில் கடைகளுக்கு வந்த ஈரொலித் (ஸ்டீரியோ) தட்டுகளுக்கும் இது கைகொடுக்கிறது. அவற்றில் சாலின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் நிற்கின்றன. நடுவை நோக்கிய உட்பக்கச் சுவரில் இடச்செவிக்குரிய ஒலியும், விளிம்பை நோக்கிய வெளிப்பக்கச் சுவரில் வலச்செவிக்குரிய ஒலியும் பதிந்துள்ளன. இவற்றை ‘உட்கரை’, ‘வெளிக்கரை’ என்று சொல்லலாம். ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் கரகரப்பு வரும் தட்டைப் பற்றி எழுதும்போது, ‘வெளிக்கரை தேய்ந்திருக்கிறது’ என்ற இரண்டு சொற்கள் போதும்.

கொலம்பியா நிறுவனம் 1948-இல் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியபின் உறைகளின்மேல் அச்சிடப்பட்ட ‘மைக்ரோகுரூவ்’ என்பது ‘நுண்சால்’ ஆகிறது. அதற்கு முந்திய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளில் இருப்பது ‘பெருஞ்சால்’. இந்த வேறுபாடு நமக்குள் தட்டுகளை இரவல் கொடுக்கும்போது மிக முக்கியமானது. பெருஞ்சாலுக்குரிய ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், நுண்சாலுக்கு உரியது சுமார் 18 மைக்ரான். நுண்சால் ஊசியைப் பெருஞ்சாலில் இறக்கினால் அது கரைகளைத் தொட்டு நடக்காமல் அடியில் கிடக்கும் தூசியில் புரண்டு, பாட்டைவிட இரைச்சலையே அதிகமாகக் கொண்டு வருகிறது. இனிமேல் தட்டை அனுப்புகிறவர் உறையின் மேல் ‘பெருஞ்சால்’ என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதிர்வாதங்களையும் மறைக்க விரும்பவில்லை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் நீர் முகக்கும் கலத்துக்கும், பெரிய மிடாவுக்கும்கூடச் ‘சால்’ என்ற பெயர் உண்டு. ஆனால் இசைத்தட்டைப் பற்றிய பேச்சில் நீர்க்கலம் குறுக்கிட வாய்ப்பில்லை. காடி என்றால் புளித்த கஞ்சியும்தான், அதனால் தச்சர்கள் குழம்பவில்லை. இரண்டாவது, நகரத்தில் வளர்ந்தவர்கள் ‘சால்’ என்பதை அறியமாட்டார்கள் என்கிறார் சென்னை நண்பர். அறியாதவர்கள் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ‘தவாளிப்பு’ என்றாலும் ‘குரூவ்’ என்றாலும் அவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டபின் மனத்தில் ஒரு படம் எழும் சொல்லையே நான் விரும்புகிறேன்.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிக்குத் ‘தட்டுச்சுழலி’ என்று பலர் எழுதுகிறார்கள். சுழல் என்பது தன்வினை, சுழற்று என்பது பிறவினை. தானே மாறுவது மாறி, ஒன்றை வேறொன்றாக மாற்றுவது மாற்றி என்று கணக்கிலும் மின்னியலிலும் நாம் பிரித்து வழங்குவதுபோல, தட்டைச் சுழலச் செய்யும் கருவி ‘தட்டுச்சுழற்றி’ ஆக வேண்டும். அதன் மேல் கனத்துச் சுழலும் வட்டப்பகுதியைச் ‘சுழல்மேடை’ எனலாம். ஊசியைத் தாங்கும் தண்டு ‘ஊசிக்கை’, அதன் நுனி ‘கைமுனை’.

கைமுனையில் திருகிப் பொருத்தும், ஆங்கிலத்தில் ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும் சிறு பெட்டியைத் ‘தோட்டா’ என்று எழுதியிருந்த மடலைக் கண்டு வருந்தினேன். அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே கண்ட முதற்பொருளை எடுத்து வைப்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது. அந்தப் பெட்டியின் வேலை ஊசியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுவது. ஒலியை வாங்குவது ஒலிவாங்கி என்றால் இது ‘அதிர்வுவாங்கி’. இதன் இரு வகைகளுக்குப் பள்ளிப் பாடநூலிலேயே வழி இருக்கிறது. ‘இயங்குசுருள் கால்வனாமீட்டர்’ என்று நாம் எல்லோரும் படித்ததுதான். எனவே ‘இயங்குசுருள் அதிர்வுவாங்கி’, ‘இயங்குகாந்த அதிர்வுவாங்கி’. முன்னதன் வெளியீடு பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவே, பின்னது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும். ஆகவே இந்தச் சிறு மின்னளவைப் பெருக்கித் தரும் முன்பெருக்கியை இரவல் கேட்பவர் தம்மிடமிருப்பது எந்த வகை என்று தவறாமல் குறிப்பிட வேண்டும்.

ஊசி சாலின்மேல் அழுந்தும் அளவை ‘ஊசியழுத்தம்’ என்பதைவிட ‘ஊசிப்பாரம்’ என்பது நல்லது. அழுத்தம் என்ற சொல் இயற்பியலில் பரப்போடு சேர்ந்த வேறொரு கணியத்துக்கு உரியதாகிவிட்டது. நாம் அளப்பதோ சிறு தராசில், கிராமில். இயங்குகாந்த வகைகளில் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை பாரம் வைக்கச் சொல்லியிருப்பார்கள். தட்டு தேயாமலிருக்கப் பாரத்தைக் குறைத்து வைப்பதாகச் சில நண்பர்கள் எழுதியிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பாரம் குறைந்தால் உரத்த இடங்களில் ஊசி கரையை விட்டுக் கிளம்பி மீண்டும் மோதி விழுகிறது. அந்த மோதல் செய்யும் சேதம் சரியான பாரத்தினால் வரும் தேய்மானத்தைவிடக் கொடியது.

வேகம் சீரில்லாதபோது கேட்கும் குறைக்குப் பெயர் தேடி வெளியே போக வேண்டியதில்லை. தட்டின் துளை சற்றே நடுவிலிருந்து விலகியிருந்தால், 33⅓ சுற்றுத் தட்டில் 1.8 வினாடிக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். பாடகர் கமகம் பிடிக்கும்போது இது மறைந்துவிடக்கூடும். தம்புராவின் நாதத்தில் மறைய முடியாது. மெதுவாக நிகழும் இதைச் ‘சுருதி அலைவு’ என்றும், விரைந்து படபடப்பதைச் ‘சுருதி நடுக்கம்’ என்றும் சொன்னால் சங்கீதம் கேட்கும் எவருக்கும் புரியும்.

தட்டின் பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கும் அரைத்த கல்தூளும் கலந்து அழுத்தப்பட்டவை. அரக்கு நம் நாட்டுப் பூச்சி தரும் பொருள், ஆதலால் ‘அரக்குத்தட்டு’ என்ற பெயர் மிகப் பொருத்தமானது. இவற்றுள் பல கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அழுத்தப்பட்டு நம் ஊர்களுக்கு வந்தவை. ஆனால் கொழு வெட்டும் மூலத்தட்டுக்கு ஆங்கிலத்தில் ‘லேக்கர்’ என்று பெயர் இருப்பதால் அதையும் அரக்கு என்று ஒருவர் எழுதிவிட்டார். அது அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசப்பட்டது; அதில் பூச்சியரக்குக்கு இடமில்லை. அதற்கு ‘மூலத்தட்டு’ என்பதே போதும். வினைல் வினைலாகவே இருக்கட்டும்.

இச்சொற்கள் நடைமுறையில் தாங்குமா என்று பார்க்க, என் கருவியின் விவரத்தை முழுவதும் இவற்றைக் கொண்டே எழுதுகிறேன்: “டெக்னிக்ஸ் நிறுவனத்தின் நேரியக்கத் தட்டுச்சுழற்றி (மோட்டாரே சுழல்மேடையை நேராகச் சுழற்றும் வகை), நேரான ஊசிக்கையாக மாற்றவில்லை, உடன் வந்த வளைகையே. இயங்குகாந்த அதிர்வுவாங்கி, நுண்சால் ஊசி, ஊசிப்பாரம் 1.8 கிராம். பெருஞ்சாலுக்கு வேறொரு கைமுனையில் தனி ஊசி பொருத்தி வைத்திருக்கிறேன். சுருதி அலைவு காதுக்குத் தெரியவில்லை. இரவல் தர இருப்பவை: எட்டு நுண்சால் தட்டுகள்; அவற்றில் ஒன்றின் இரண்டாம் பக்கத்தில் விடுசாலுக்கு அருகே கீறல் உண்டு. அரக்குத்தட்டுகள் மூன்று, இவற்றை நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அஞ்சலில் அனுப்பினால் உடைந்துவிடும்.”

எழுதும்போது ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். சுழலும் தட்டு ஊசிக்கையை நடுவை நோக்கி இழுப்பதையும், அதை ஈடுசெய்யக் கையின் அடியில் இருக்கும் திருகையும் சொல்ல வேண்டியிருந்தது. இழுப்பை ‘உள்ளிழுப்பு’ என்று எழுதினேன். திருகுக்கு ‘உள்ளிழுப்பு ஈடு’ என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை, அது எனக்கு நிறைவளிக்கவும் இல்லை. உழவிலோ வண்டியிலோ ஏர்மாடு ஒருபக்கம் இழுக்கும்போது மறுபக்கம் பிடித்து நிறுத்துவதற்கு உங்கள் வட்டாரத்தில் தனிச்சொல் வழங்குமானால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

அன்புடன்.