பெரிய பிஆர் (புல் ரிக்வெஸ்ட், எழுதுன கோட சேத்துக்கச் சொல்லி வர்ற கோரிக்கை) ஒண்ணு வந்திருக்கு, கோர்ல (மெயின் கோட்ல) சேக்கலாமா?

தேனி_டெவ்:
நானும் ஃப்ரெண்டும் சின்ன நூலகங்களுக்கான ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் பாத்துக்கறோம். போன வாரம் ஒருத்தர் பார்கோடு ஸ்கேன், லேபிள் பிரிண்ட் எல்லாம் சேத்து 2000 வரிக்கு மேல பிஆர் அனுப்பிருக்கார், கோட் சுத்தமா இருக்கு, டெஸ்டும் எழுதிருக்கார். அப்படியே மெர்ஜ் பண்றதா (எங்க கோட்லயே சேத்துக்கறதா), இல்ல வேணுங்கறவங்க மாட்டிக்கற தனி பிளகினா போடச் சொல்றதா? உழைச்சு அனுப்புனவர் மனசு நோகக்கூடாது, ஆனா எங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த லேபிள் பிரிண்டரே இல்ல.

பழைய_சர்வர்:
கடைசி வரியிலயே பதில் இருக்கு ப்ரோ. நாளைக்கு பிரிண்ட்ல பக் வந்தா எப்படி பாப்பீங்க? மெர்ஜ் பண்ண நிமிஷத்துல இருந்து அது உங்க பொறுப்பு, அவருக்கு வேலை மாறலாம், நேரம் இல்லாம போகலாம். போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல பாருங்க, மேப் டேட்டாவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ்ங்கற எக்ஸ்டென்ஷன் 2001ல இருந்து வெளியதான் இருக்கு, அதுக்கு ஜியோஸ் ப்ரோஜ்னு வேற லைப்ரரிங்க வேணும், லைசென்ஸும் வேற, ஜிபிஎல், ஆனா யாரும் அதை மட்டமா நினைக்கல, மேப் வேலைன்னா மொதல்ல அதைத்தான் போடறாங்க. டெக்ஸ்ட் சர்ச் கதை வேற, டிசர்ச்2ன்னு கான்ட்ரிப்ல (கூட வர்ற எக்ஸ்ட்ரா மாட்யூல்கள்ல) கிடந்து, ஜனங்க யூஸ் பண்ணி பழகி, 2008ல 8.3 வெர்ஷன் வந்தப்பதான் கோருக்குள்ள போச்சு. அதுக்கு தமிழ் ஸ்டெம்மர் (விகுதிய வெட்டி அடிச்சொல்ல எடுக்கறது) 2019ல 12வது வெர்ஷன்ல வந்துச்சு, அதுவும் ஸ்னோபால்ங்கற தனி புராஜெக்ட்ல இருந்து எடுத்துக்கிட்டதுதான். அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

கெர்னல்_வாசி:
பிளகின்னு சொல்லி வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி, அதை மாட்ட ஹூக் (வெளி கோட கோர்ல இணைக்கற இடம்) இருக்கா பாருங்க. லினக்ஸ்ல டிரைவர் கெர்னலுக்குள்ள இருந்தா, உள் ஏபிஐய (டிரைவர் கெர்னலோட பேசற முறைய) மாத்தறவரே அதையும் சேத்து திருத்தணும், வெளிய இருந்தா எப்ப உடையும்னே தெரியாது, அதை எழுதுனவர்தான் ஓடணும். அந்த நிலைமைய உங்க ஆளுக்கு குடுக்காதீங்க. அதே சமயம் கோட் நல்லா இருந்தா மட்டும் போதாது, பிகேஷ்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் 2024 ஜனவரில லினக்ஸ் 6.7ல உள்ள வந்துச்சு, ரிலீஸ் நெருங்கற நேரத்துல புது மாற்றம் அனுப்பறதப் பத்தி திரும்பத் திரும்ப தகராறு, 2025 கடைசில 6.18ல எடுத்துட்டாங்க. அதை நம்பி டிஸ்க் ஃபார்மேட் பண்ணவங்கதான் பாவம். அவர்கிட்ட மொதல்ல நேரா பேசுங்க, எவ்ளோ நாள் கூட இருப்பார்னு கேளுங்க.

தேனி_டெவ்:
ஹூக் இல்லங்க. ஆனா இப்ப திரும்ப பாத்தேன், அவர் கோர் ஃபைல்ல கைவச்சது ரெண்டே இடம், புத்தகம் சேக்கறப்பவும் தேடறப்பவும். அந்த ரெண்டு இடத்துக்கும் ஹூக் போட்டு அதை மட்டும் தனி பிஆரா அனுப்பச் சொல்றேன், அது கோர்ல போகட்டும், மீதி அவர் பேர்லயே தனி ரெப்போவா (கோட் வைக்கற இடமா) இருக்கட்டும், எங்க ரீட்மீல (அறிமுகப் பக்கத்துல) மேலயே லிங்க் குடுக்கறோம். இன்னிக்கு நைட்டே அவருக்கு எழுதறேன்.