38 வயதில் வீட்டு வயரிங் வேலைக்கு வரலாமா?

வணக்கம். படித்தது இ.சி.இ., கோவையில் 14 வருடம் சர்க்யூட் போர்டு டெஸ்டிங். ஆட்குறைப்பில் வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. இனி சொந்தமாக வீட்டு எலக்ட்ரீஷியன் வேலைதான் என்று முடிவெடுத்திருக்கிறேன். (வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.)

போன வாரம் மாமா வீட்டில் ஃபேனைப் போட்டாலே ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துகொண்டிருந்தது. பேஸ் வயரில் போகும் கரன்ட்டும் நியூட்ரல் வயரில் திரும்புவதும் 30 மில்லி ஆம்பியர் மாறினாலே அது விழும். அதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலை யாரோ மெயின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்ததைக் கண்டுபிடிக்க ஏழு சுவிட்ச் பெட்டிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம்! அனுபவசாலி பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார். சுவரை வெட்டிப் பைப் புதைப்பது, வளைவில் சிக்கிய வயரை இழுப்பது, இதெல்லாம் எனக்குச் சுத்தமாக வராது.

அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தேர்வு எழுத ஐந்து வருட வயரிங் அனுபவம் கேட்கிறார்கள். என் போர்டு அனுபவம் அதில் சேருமா? லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்தால்தான் வழியா? இந்த வயதில் யாராவது சேர்த்துக்கொள்வார்களா, கூலி எவ்வளவு தருவார்கள்?

அப்புறம், பாயிண்டுக்கு (ஒரு லைட், ஃபேன் அல்லது பிளக் இணைப்புக்கு) இவ்வளவு என்று ரேட் பேசும்போது, பைப் புதைக்கச் சுவரில் காடி வெட்டுவதையும் அதிலேயே சேர்ப்பீர்களா, தனியாக வாங்குவீர்களா? இத்தொழிலில் இருக்கும் அண்ணன்மார்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.