கூரையைப் பிரித்தவர்கள்

தொடங்கியவர்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்

பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரப் பாடம் மாற்கு 2ஆம் அதிகாரம். கப்பர்நகூமில் ஒரு வீட்டின் மேற்கூரையைப் பிரித்து, நான்கு பேர் சுமந்து வந்த உடல் செயலிழந்த திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இயேசுவுக்கு முன்பாக இறக்கிய சம்பவம். மரச்சட்டங்களின் மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, மண் பூசி இறுக்கிய கூரைகள் அந்நாட்டில் வழக்கம் என்பதால், கீழே அமர்ந்திருந்தவர்களின் தலையில் மண் கொட்டியிருக்கும் என்று சொன்னதும் வகுப்பு சிரித்தது. (லூக்கா தட்டோடுகள் என்று எழுதுகிறார். எதுவாக இருந்தாலும் வீட்டுக்காரர் மகிழ்ந்திருக்க மாட்டார்.)

ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் நடக்கத்தானே சார் வந்தான்? மன்னிப்பை யார் கேட்டது?" என்றான்.

"மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பதுதான் அந்த மனிதனிடம் ஆண்டவர் சொன்ன முதல் வார்த்தை. படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னது அதன் பிறகுதான். பாவம்தான் பெரிய நோய், அதனால் அதற்கு முதலில் மருந்து என்று கையில் தயாராக இருந்த பதிலைச் சொன்னேன். "சரி சார்" என்றான். பேச்சை முடித்துக்கொள்ள விரும்பும்போது பிள்ளைகள் சொல்லும் "சரி" அது. பல வருடங்களாகக் கேட்டு எனக்கு நன்றாகப் பழகியது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சுகம் கேட்டுப் பெற்றவர்களும், கேட்டும் பெறாதவர்களும், மன்னித்தவர்களும், இன்னும் மன்னிக்க முடியாதவர்களும் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். சாட்சி சொல்லும்போது முடிவை மட்டும் மெருகேற்றிச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த வயதுப் பிள்ளைகளிடம் அது செல்லாது.

மறுமொழி: முழங்கை நீட்ட முடியாதவர்

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மதில்மேல் நடந்துகொண்டிருந்த என்னை என் நண்பன் விளையாட்டாகத் தள்ளினான். வலது முழங்கை முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் மூட்டு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்றும் அந்தக் கையை முழுவதுமாக நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. சட்டையின் மேல் பொத்தானை இடது கையால்தான் போட்டுக்கொள்கிறேன்.

மூன்று வருடங்கள் ஒவ்வொரு இரவும் சுகத்திற்காக ஜெபித்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பிறர் பார்க்காதபடி போர்வைக்குள்ளேயே கையை நீட்டிப் பார்ப்பேன். தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்த நண்பனோ என்னிடம் மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. ஆலயத்தில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவான். அவன் மறந்துவிட்டான், சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்தேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது மட்டும் கர்த்தருடைய ஜெபத்தில் என் வாய் மூடிக்கொள்ளும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதினாறு வயதில் ஒரு நாள், வாலிபர் கூட்டம் முடிந்து பெஞ்சுகளை ஓரமாக எடுத்துப் போட வேண்டியிருந்தது. நான் ஒரு பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனையைத் தூக்க வந்தவன் அவன். நான் இடது கையால் தூக்குவதைப் பார்த்தவன், குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "இன்னும் நேராகவில்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது, என் முழங்கையை நான் எண்ணிய அளவுக்கு அவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். வேறு வரிசைக்கு அவன் விலகிப் போனது மறந்ததால் அல்ல, பார்க்கத் தைரியம் இல்லாததால்.

சொல்ல வேண்டியதை மூன்று வருடங்களாக மனதில் எழுதி வைத்திருந்தேன். அது எதுவும் வரவில்லை. "நீ அந்தப் பக்கத்தைப் பிடி, நான் இந்தப் பக்கத்தைப் பிடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். மீதமிருந்த பெஞ்சுகள் எல்லாவற்றையும் இருவருமே சுமந்தோம். உள்ளத்தில் ஒளி பாய்ந்ததாகவோ பாரம் இறங்கியதாகவோ சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான், காலையில் கையை நீட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பதையே கவனித்தேன்.

உங்கள் மாணவனின் கேள்விக்கு இது பதிலா என்று தெரியாது. கேட்டது கைக்கு, கிடைத்தது வேறு இடத்தில். கைக்கும் கிடைத்திருக்கலாமே என்று இன்றும் நினைப்பதுண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுமொழி: பதினான்கு வயது மாணவி

நான் பெரியவர்கள் எழுதும் இடத்தில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் தம்பிக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவனுக்கு ஒன்பது வயது. நோய் தெரிந்த புதிதில் எங்களுக்காக ஜெபிக்க வந்த ஒரு ஆன்ட்டி, "இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருக்கிறது, இல்லாவிட்டால் அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது" என்று சொன்னார்கள். அம்மா அழுதார்கள். அந்த "யாரோ" நான்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதற்கு முந்தைய வாரம் தம்பியை அடித்திருந்தேன். அவன் சீக்கிரம் செத்துப் போகட்டும் என்று கோபத்தில் சொல்லியும் இருந்தேன். இதை யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதங்கள் இருந்தேன். மறைவாக உபவாசம் இருந்து பள்ளியில் மயங்கியும் விழுந்தேன்.

பிறகு யோவான் 9ஆம் அதிகாரத்தை நானாகவே வாசித்தேன். பிறவிக்குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்களே கேட்கிறார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொல்கிறார். அக்கா செய்த பாவமுமல்ல என்று நான் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். அதன் பிறகுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை.

இப்போது தம்பிக்கு இன்சுலின் போட நானும் கற்றுக்கொண்டேன். மருந்து முழுவதும் இறங்குவதற்காக, பேனாவின் பொத்தானை அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். எண்களுக்குப் பதிலாக, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9ஆம் அதிகாரத்தில் தன் மகனுக்குச் சுகம் கேட்டு வந்த ஒரு தகப்பன் சொன்னதை மனதுக்குள் இரண்டு முறை மெதுவாகச் சொல்வேன். சரியாகப் பத்து விநாடி வருகிறது, கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தகப்பன் பாதி விசுவாசத்தோடு கேட்டும் அவர் மகன் சுகமானான் என்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த ஆன்ட்டியை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுமொழி: செவிலியர்

தங்கையே, உபவாசம் இருந்து மயங்கும் வேலையை இனிச் செய்யாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பியின் உடலில் நடந்தது இதுதான்: கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களைத் தவறாகத் தாக்கி அழித்துவிட்டது. இனிப்பு தின்றதால் வருவதல்ல, அக்காவின் கோபத்தால் வருவதுமல்ல. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற நோயாளி ஒரு பதினான்கு வயதுப் பையன், உன் வயதுதான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எத்தனை இரவுகள் ஜெபித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, அந்தச் சிறு மருந்துப் புட்டியையும் ஒரு பதிலாகத்தான் நான் கையில் எடுக்கிறேன். ஆனால், ஜெபித்துவிட்டோம் என்று சொல்லி இன்சுலினை நிறுத்திய வீட்டுப் பிள்ளையைச் சுயநினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்ததையும் என் பணியில் பார்த்திருக்கிறேன். சுவிசேஷத்தை எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் பவுல் அழைக்கிறார். மருந்தை விசுவாசத்துக்கு எதிரியாக்குவது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

மறுமொழி: விடுதியில் படித்தவர்

மன்னிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வாசிப்பதால் தெளிவாகவே சொல்கிறேன்.

பள்ளி விடுதியில் இருந்தபோது எனக்கு மூத்த மாணவி ஒருத்தி இரண்டு வருடங்கள் என்னை அடித்தும் மிரட்டியும் வந்தாள். ஒரு பெரியவரிடம் சொன்னபோது, "ஏழெழுபதுதரமட்டும் மன்னிக்க வேண்டும், வெளியே சொல்லாதே" என்ற பதில் கிடைத்தது. அந்த வசனத்தைக் கேட்டாலே வயிறு பிசையும் நிலைமை எனக்குப் பல காலம் இருந்தது. வளர்ந்த பிறகு மத்தேயு 18ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்ற பேதுருவின் கேள்வி 21ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பே, 15ஆம் வசனம் தொடங்கி, குற்றம் செய்தவனிடம் போய்க் குற்றத்தை உணர்த்து, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று ஆண்டவர் வரிசையாகச் சொல்கிறார். சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னதும் இதே அதிகாரம்தான். அந்தப் பெரியவர் கடைசிப் பகுதியை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தார்.

கோரி டென் பூம் அம்மையாரைப் பற்றிப் பலர் கேட்டிருப்பீர்கள். யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்து வைத்ததற்காகக் கைதான டச்சுப் பெண்மணி. நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அவருடைய அக்கா பெட்சி 1944 டிசம்பரில் இறந்துபோனார். 1947இல் முனிச் நகரில் கோரி பேசி முடித்ததும், அந்த முகாமில் காவலராக இருந்த ஒருவரே எதிரில் வந்து கை நீட்டி மன்னிப்புக் கேட்டார். தம் கை எழவில்லை என்று கோரி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கையை நீட்டுவது மட்டும் என்னால் ஆகும், மீதியை நீரே தாரும் என்ற விதமாக ஜெபித்த பிறகுதான் கையைக் கொடுத்திருக்கிறார். இதை நம் பிரசங்கங்களில் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம்: அன்று அந்த மனிதர் கையில் சாட்டையும் இல்லை, அவரைக் காக்கும் முகாமும் இல்லை. அடித்துக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கும்படி யாரும் கோரியிடம் கேட்கவில்லை.

நான் அவளை மன்னித்துவிட்டேன். தனியாக அவளோடு ஓர் அறையில் இருக்க மாட்டேன். இந்த இரண்டும் சேர்ந்தே என்னிடம் இருக்கின்றன. உங்களில் யாருக்காவது இப்போதே இப்படி ஏதேனும் நடந்துகொண்டிருந்தால், நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஆன்ட்டியை மன்னிக்க முடியவில்லை என்று எழுதிய தங்கைக்கு: உன் வருத்தம் நியாயமானது. அவசரப்படாதே.

தொடங்கியவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. இதை எழுத அந்தப் பையனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

உங்கள் அனுபவங்களை வகுப்பில் வாசித்தேன். அந்த மாணவி ஓரத்தில் எழுதிய வரிக்கு வந்தபோது, அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வகுப்பு முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். ஆறு மாதங்களுக்கு முன் அவன் அப்பாவோடு பெரிய சண்டை போட்டிருக்கிறான். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் காலை அப்பாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. அன்றிலிருந்து அப்பா நடக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறானாம். அவர் இருக்கும் அறைக்குள் மட்டும் போவதில்லை.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோதான் பக்கவாதம் வருகிறது என்பதை அவனுக்கு விளக்கினேன். அப்பாவுக்கு நெடுநாள் இரத்த அழுத்தம் இருந்தது அவனுக்கும் தெரியும். தலையாட்டினான். ஆனாலும் அவனுக்குத் தேவைப்பட்டது அந்த விளக்கம் அல்ல என்பது தெரிந்தது. மன்னிப்பை யார் கேட்டது என்று அவன் அன்று கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பதில் சொன்னது வேறு ஏதோ கேள்விக்கு.

"இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். 'அவன்' அல்ல, 'அவர்கள்'. இத்தனை வருடங்கள் பாடம் நடத்தியும் அந்தப் பன்மையை நான் நிறுத்தி வாசித்ததில்லை. தனியாகப் போக முடியாவிட்டால் நாங்களும் வருகிறோம் என்றேன். வகுப்பிலிருந்து நால்வர் வருவதாக ஏற்பாடு. ஒருவனுக்குத் தேர்வு இருந்ததால் மூவர்தான் வந்தார்கள். ஜெபத்திற்கென்று போகவில்லை, அவனோடு அந்த அறைக்குள் நுழையத்தான் போனோம்.

வாசலில் நின்றவனைப் பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாகத் தள்ளினாள். அவன் அப்பாவின் கட்டிலருகே போய், தரையைப் பார்த்தபடி, "அன்றைக்குக் கதவை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். அவர் ஏதோ சொல்ல முயன்றார். உதடு ஒரு பக்கமாக இழுத்ததே தவிரச் சொல் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து, "தெரியும்" என்ற ஒரு வார்த்தை வந்தது. பிறகு செயல்படும் இடது கையால் கட்டிலின் ஓரத்தை இரண்டு முறை தட்டினார்; உட்காரச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

விரல்களை மடக்கி விரிக்கும் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று அவன் அம்மா வந்தார்கள். இத்தனை நாளும் அவர்கள்தான் எண்ணிக்கை சொல்வார்களாம். அன்று அவன் அப்பாவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். ஏழுக்குப் பிறகு எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.