சர்ச் ஊழியத்த விட்டு வேற வேலைக்குப் போன ஐயர்மார், பாஸ்டர்மார்: நீங்க பாத்தத சொல்லுங்க

தேரிக்காட்டான்:
வீட்டு லோன் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வருவாங்கன்னு ஃபைனான்ஸ்ல இருந்து போன் வந்துது, வந்து நின்னது எங்க சேகரத்துல (பக்கத்துச் சபைகள் சேந்த வட்டாரம்) முன்னாடி இருந்த ஐயரு. எனக்கு திடப்படுத்தல் (நற்கருணை வாங்குறதுக்கு முந்துன சடங்கு) கிளாஸ் எடுத்தவரு. அங்கியில பாத்தே பழகுன ஆளு, இப்ப கழுத்துல ஐடி கார்டு, கையில டேப். அம்மா அடுப்படியில இருந்து வந்தவ அவரப் பாத்ததும் தலையில முந்தானைய போட்டுக்கிட்டு "ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க"ன்னு நின்னுட்டா. அவரு கொஞ்சம் தயங்குனாரு. அப்புறம் அந்த கார்ட சட்டப் பைக்குள்ள சொருகிட்டு, கண்ண மூடி, அப்பா தவறுனது, தங்கச்சி கல்யாணம் தள்ளிப் போனது, எல்லாத்தையும் பேரு சொல்லி ஜெபிச்சாரு. ஆமென் சொன்னதும் கார்ட வெளிய எடுத்துப் போட்டுட்டு "யம்மா, கடைசி கரண்ட் பில் ஒரு காப்பி வேணும்"ன்னாரு. ஏன் விட்டீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. ஆனா சபைக் கமிட்டியில ஒருத்தரு இன்னிக்கும் பைபிள் வசனத்த வச்சு "கலப்பையில கைய வச்சுட்டு பின்னால பாத்த ஆளு"ன்னு சொல்றாரு, கேக்கும்போதெல்லாம் கொதிக்குது. எங்க வீட்டு விஷயம் ஒண்ணு கூட மறக்காதவரு எங்க பின்னால பாத்தாரு?

ஸ்டாஃப்நர்ஸ் கிரேஸ்:
வேலூர் சிஎம்சில சாப்ளின்சிக்குன்னே (நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் ஆறுதலா இருக்குற ஊழியம்) தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. நான் வேலை பாக்குறது வேற ஒரு சின்ன ஆஸ்பத்திரி, எங்களுக்கு ஒரே ஒரு சாப்ளின்தான், முன்னாடி கிராமத்துல ஆயரா இருந்தவர். ஐசியூ வாசல்ல ஒரு தாத்தா, பாட்டி உள்ள வெண்டிலேட்டர்ல. இவர் போய் பக்கத்துல உக்காந்தார், பைபிள திறக்கல, ஒரு வசனம் சொல்லல, டீ வாங்கிக் கொடுத்து தாத்தா பேசுறத கேட்டுக்கிட்டே இருந்தார், அவங்க இந்துக் குடும்பம். டியூட்டி முடிஞ்சு நான் கிளம்பும்போதும் அங்கயேதான் இருந்தார். "சபையில இருந்தப்ப ஒரு வீட்டுல இவ்ளோ நேரம் உக்காந்ததே இல்லம்மா, அடுத்த வீடு, அடுத்த கூட்டம், கணக்கு நோட்டுன்னு ஓடிட்டே இருந்தேன்"னு ஒரு நாள் சொன்னார். இவர் ஊழியத்த விட்டுட்டார்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

விசுவாசி மதுரை:
சிஸ்டர், ஆஸ்பத்திரி ஊழியம் வேற. லோன் கம்பெனி வேற. எங்க பாஸ்டர் வாடகை கட்ட முடியாம சபைய மூடிட்டு ஆட்டோ ஓட்டப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி, ஆராதனை நேரம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வாசல்ல காக்கிச் சட்டையோட "அண்ணாநகர், கே.கே.நகர்"னு சவாரிக்குக் கூப்பிட்டுட்டு நிக்கிறாரு. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. அன்னிக்கு சோறு இறங்கல. சுவிசேஷத்த அறிவிக்கிறவனுக்கு சுவிசேஷத்தாலதான் பிழைப்புன்னு வேதம் சொல்லுது. அழைப்புன்னா அழைப்புதான், பஞ்சம் வந்தா விட்டுட்டுப் போறதுக்குப் பேரு அழைப்பு இல்ல.

குருமனைப் பொண்ணு:
அதே அதிகாரத்துல, 1 கொரிந்தியர் 9ல, பவுல் அந்த உரிமைய நான் எடுத்துக்கலன்னும் சொல்றார் அண்ணா. அதுக்கும் மேல, கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோட தங்கி கூடாரம் தச்சார், அப்போஸ்தலர் 18ல இருக்கு. வாடகை கட்ட முடியாம மூடுனாருன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப அந்தச் சபையில இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?

எங்க அப்பாவும் ரிசைன் பண்ணார். காரணம் இங்க எழுத முடியாது. குருமனைய (ஐயருக்கு சபை கொடுக்குற வீடு) காலி பண்ணப்பதான் தெரிஞ்சுது, கட்டில், பீரோ, டைனிங் டேபிள் எல்லாம் சேகரத்தோடது, அடியில பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கும். எங்களுதுன்னு இருந்தது புக்கும் பாத்திரமும்தான், பாத்திரத்துலயும் பாதில "அன்பளிப்பு"ன்னு ஏதாவது ஒரு பெண்கள் ஐக்கிய சங்கம் பேரு வெட்டியிருக்கும். வாடகை வீடு பாக்கப் போனோம். ஹவுஸ் ஓனர் சாதாரணமா "சார் என்ன பண்றீங்க?"ன்னு கேட்டார். அப்பாவுக்குப் பதில் வரல. அவ்ளோ வருஷத்துல அவர்கிட்ட யாரும் கேக்காத கேள்வி அது, அங்கிய பாத்தாலே தெரியும்ல. அம்மாதான் முந்திக்கிட்டு "ஸ்கூல்ல இருக்கார்"ன்னு சொன்னாங்க. அப்போ ஸ்கூல் வேலை இன்னும் கிடைக்கவே இல்ல.

சாம் கோவை:
என் ஃபிரெண்டு ஒருத்தன் பாஸ்டரா இருந்துட்டு இப்ப எச்.ஆர்ல இருக்கான், இன்டர்வியூல "இத்தன வருஷம் என்ன மேனேஜ் பண்ணீங்க"ன்னு கேட்டாங்களாம், சாவு வீடுன்னு சொன்னானாம். அத விடுங்க, இத படிக்கிற ஊழியக்காரங்க யாராவது யோசிச்சுட்டு இருந்தா ஒரு விஷயம். ரிசைன் லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி வீட்ட பாருங்க, குருமனையும் சம்பளமும் ஒரே நாள்ல போயிடும். பி.எஃப் பென்ஷன் 58 வயசுல வரணும்னா குறைஞ்சது 10 வருஷ சர்வீஸ் வேணும், 50 வயசுல போய் சேந்தா கணக்கு உதைக்கும், அதனால போறதா இருந்தா சீக்கிரம் போங்க. செராம்பூர் பி.டி (இறையியல் பட்டம்) இருந்தா மேல படிக்கலாம், சென்னைப் பல்கலைக்கழகத்துல கிறிஸ்தவத் துறை இருக்கு, சும்மா பைபிள் காலேஜ் சர்டிபிகேட்ட நம்பி எங்கயும் போகாதீங்க. ஸ்கூல் வாத்தியார் வேலைக்கு டிகிரியோட பி.எட் கேப்பாங்க. கவுன்சிலிங் பண்ணலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நல்லதுதான், ஆனா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இல்லாம கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு வைக்க முடியாது. மனைவி வேலைக்குப் போறாங்கன்னா அவங்க இன்சூரன்ஸ்ல முதல்ல பேரச் சேத்துக்கோங்க.

சாயர்புரம் வாத்தியார்:
விசுவாசி தம்பிக்கு. எங்க ஊர்ல ஊழியம் செஞ்ச ஜி.யு.போப் ஐயர் பிற்பாடு ஊட்டியிலயும் பெங்களூர்லயும் பள்ளிக்கூடம் நடத்துனார், கடைசியா ஆக்ஸ்போர்டுல தமிழ் சொல்லிக் கொடுத்தார். 1886ல குறள், 1900ல திருவாசகம் இங்கிலீஷ்ல வந்துது. சேகரத்துக்குள்ளயே இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

விசுவாசி மதுரை:
ஐயா, போப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாரு, எங்க பாஸ்டர் பசியில போனாரு. ரெண்டும் ஒண்ணு இல்ல. தங்கச்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், அந்தச் சபையில பாதிப் பேரு பெரிய சபைக்குப் போயிட்டோம்.

குருமனைப் பொண்ணு:
சாம் அண்ணா, நாங்க அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம், வேற யாருக்காச்சும் உதவும். நான் கேக்க வந்தது வேற. அப்பா இப்ப ஞாயிறு ஆராதனைக்கு வந்தா பின் பெஞ்சுல உக்காருறார், புது ஆயர் வணக்கம் சொல்றதோட சரி. உங்க சபைகள்ல இப்படி விட்டுட்டு வந்தவங்களுக்கு வேதபாடம் வாசிக்கவாவது கொடுக்குறாங்களா? கொடுத்தா யார்கிட்ட பேசணும், ஆயர்கிட்டயா கமிட்டிகிட்டயா?