அறக்கட்டளைப் பரிசு வாங்கினா எம்.எஸ்ஸி., பிஎச்டி சேர்க்கைக்கு உதவுமா?

ஆத்தங்குடிப் பொண்ணு:
காரைக்குடியில பி.எஸ்ஸி. வேதியியல் ரெண்டாம் வருசம். போன வாரம் கல்லூரி விழாவுல, ஒரு செட்டியார் குடும்பம் வச்சிருக்கிற அறக்கட்டளைப் பரிசு எனக்குக் கொடுத்தாக. முதல் வருச மார்க்குக்காக. மூவாயிரம் ரூவா, சான்றிதழ், ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கு. அப்பா டைல்ஸ் பட்டறையில வேலை பாக்குறாக. மறுநாள் பட்டறை முழுக்க சாக்லேட் கொடுத்துட்டாக. இதைக் காட்டினாலே ஐஐடியில எம்.எஸ்ஸி., அப்புறம் அமெரிக்காவுல பிஎச்டின்னு அத்தை மகன் அடிச்சுச் சொல்றான். நெசமா? கட்டுரைப் போட்டி, சிறந்த மாணவி விருது ரெண்டுக்கும் பேர் கொடுக்கச் சொல்றாக. வர்ற மே லீவு அதுலயே போயிரும் போல.

செக்காலை ரோடு:
ஐஐடி எம்.எஸ்ஸி.க்கு ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ரேங்க் வந்தா சீட்டு. குத்துவிளக்கைக் காட்ட அங்க ஆளே கிடையாது. அத்தை மகன் என்ன படிச்சிருக்காப்ல?

மானகிரி அக்கா:
தங்கச்சி, நான் இப்ப அமெரிக்காவுல மின்வேதியியல்ல பிஎச்டி, நாலாம் வருசம். என்கிட்ட மூணு மெடல் இருந்துச்சு. முதல் தடவை ஆறு இடத்துக்குப் போட்டேன், ஆறும் ஊத்திக்கிச்சு. ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சது. அங்க பெரும்பாலும் மூணு பரிந்துரைக் கடிதம் கேப்பாங்க. எனக்கு எழுதிக் கொடுத்தவர் எங்க வகுப்புல நாலு பேருக்கும் ஒரே பத்தியைத்தான் போட்டிருந்தார்: "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்". அதைப் படிச்சு எந்த ஆய்வகம் என்னைக் கூப்பிடும்?

அப்புறம் நம்ம காரைக்குடி சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துல, ஆறு மாசம் புராஜெக்ட். உப்புத் தண்ணியில இரும்பு துருப்பிடிக்கிறதைத் தடுக்கிற வேலை. ஒரு நாள் அளவு தாறுமாறா வந்துச்சு. எல்லாரும் மிஷினைத் திட்டினாங்க. நான் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை, அதான் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற மின்முனையை, கழட்டிப் பார்த்தா, நுனியில ஒரு காத்துக் குமிழி. அவ்வளவுதான் விசயம். ஆனா என் வழிகாட்டி தன் கடிதத்துல அதுக்கு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தார். ரெண்டாவது தடவை நேர்காணல்ல அந்தக் குமிழியைப் பத்தித்தான் கேட்டாங்க. மெடலைப் பத்தி மூச்சே இல்ல.

உங்கப்பாவையே கேட்டுப் பாரு. டைல்ஸ் செய்யக் கண்ணாடி மேல கலர் ஊத்துறப்ப யார் கை நடுங்குது, யார் கை நிக்குதுன்னு பக்கத்துல நின்னு பார்த்தவுகளுக்குத்தான் தெரியும். கடிதம் அப்படிப் பார்த்த ஆள் எழுதணும்.

விருதுன்னா எல்லாமே வீண்னு சொல்ல வரல. நம்ம நாட்டோட மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கிடைச்சா ரெண்டு மாசம் உன்னை ஒரு ஆய்வகத்துல உக்கார வச்சிரும். பணம் ரெண்டாம் பட்சம். மத்திய அரசோட இன்ஸ்பயர் உதவித்தொகையில வருசத்துக்கு 80,000 ரூபாய், அதுல 20,000 கோடைக்கால ஆய்வுக்குன்னே ஒதுக்கினது. பின்னாடி எம்.எஸ்ஸி.யில பல்கலைக்கழக முதல் ரேங்க் வாங்கினா பிஎச்டிக்கு இன்ஸ்பயர் ஃபெலோஷிப் கேக்கலாம்; அங்க ரேங்க் சான்றிதழுக்கு நெசமாவே மதிப்பு உண்டு. பல்கலைக்கழக ரேங்க்தான், கல்லூரி முதல் இல்ல.

உன் பரிசை ஒரே வரியில எழுது: எத்தனை பேர்ல முதல், எதுக்காகன்னு. அறக்கட்டளைப் பேர் மட்டும் போட்டா காரைக்குடி தாண்டி யாருக்கு என்ன புரியும்? கட்டுரைப் போட்டியை விட்டுட்டு மே மாசத்துக்கு ஆய்வகம் தேடு.

தேவகோட்டை வாத்தியார் (ஓய்வு):
மானகிரி அம்மா சொல்றது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். முப்பது வருசத்துல எத்தனையோ பிள்ளைகளை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பப் பார்த்தேன். பாதிப் பேருக்கு வீட்லயே முட்டுக்கட்டை: "பொம்பளப் பிள்ளைய ரெண்டு மாசம் எங்க தனியா விடுறது?" தாயி, பட்டறை முழுக்க சாக்லேட் கொடுத்த அப்பா பெங்களூருக்கு பஸ் ஏத்தி விட யோசிக்க மாட்டாரு. குத்துவிளக்குக்கு அந்த வேலை இருக்கு.

ஆத்தங்குடிப் பொண்ணு:
ஐயா, நேத்து ராத்திரியே கேட்டேன். "பெங்களூரு வேணாம், சிக்ரின்னா சைக்கிள்லயே போயிட்டு வா"ங்கிறாக. இருபது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும்னு அவுகளுக்கு மறந்து போச்சு போல! அக்கா, சிக்ரிக்கு மெயில் எழுதுறதுன்னா என்ன எழுதணும்?

மானகிரி அக்கா:
முதல்ல, நீ யார்கிட்ட வேலை பாக்க நினைக்கிறியோ அந்த விஞ்ஞானி எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படி. புரியாத இடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதையே கேட்டு எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு.