விலகிப்போன வாடிக்கையாளரிடம் கேட்ட மூன்று கேள்விகள்: இணையவழிக் கருத்துக்கணிப்பு அனுபவங்கள்

காங்கேயம், செக்கு எண்ணெய் வணிகர்:

எங்கள் குடும்பம் காங்கேயம் அருகே வாகை மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறது. விற்பனையில் பாதிக்கு மேல் இப்போது வாட்ஸ்அப் வழியாகவும் எங்கள் இணையதளம் வழியாகவும் நடக்கிறது. முதன்முறை கருத்துக்கணிப்பு நடத்தியபோது கூகுள் படிவத்தில் பதினைந்து கேள்விகளை அடுக்கி, ஒரே செய்தியைப் பலருக்கும் ஒருசேர அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அனுப்பினேன். தரம், மணம், பொட்டலம், விலை என ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தேன். பதில் அளித்தவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ஐந்தே கொடுத்திருந்தார்கள். பொருளில் குறையில்லை, நம்மைப் பற்றித் தெரியாதவர்கள்தாம் அதிகம் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த ஆறு மாதங்கள் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கான செலவை இரண்டு மடங்காக்கினேன். புதியவர்கள் வந்தார்கள், ஒரு முறை வாங்கினார்கள், பிறகு வரவில்லை.

கணக்கு எழுதும் என் அக்காதான் பிழை எங்கே என்று கண்டுபிடித்தார். நம்முடைய எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். ஒரு முறை வாங்கிவிட்டு விலகியவர் கடைக்காரரின் எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. ஆக, எங்களை விரும்பித் தொடர்ந்து வாங்குகிறவர்களிடம் மட்டுமே 'எங்களை விரும்புகிறீர்களா' என்று கேட்டு, அந்தப் பதிலை நம்பிப் பணத்தைச் செலவழித்திருக்கிறேன்.

அதன்பின் அக்கா ஆர்டர் பதிவேட்டிலிருந்து, ஒரே ஒரு முறை வாங்கி நான்கு மாதங்களுக்கு மேல் திரும்பி வராதவர்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார். கேள்விகள் மூன்றே. கடைசியாகச் சமையல் எண்ணெய் எங்கே, எது வாங்கினீர்கள்? எங்கள் எண்ணெயை எந்தெந்தச் சமையலுக்குப் பயன்படுத்தினீர்கள்? பயன்படுத்தும்போது ஏதேனும் மனதுக்கு ஒவ்வாமல் இருந்ததா? மதிப்பெண் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் தம் சொற்களில் எழுத இடம் விட்டோம்.

விலைதான் காரணமாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆனால் விலையைக் குறிப்பிட்டவர்கள் சிலரே. வடையும் பஜ்ஜியும் போட்டபோது கடலை எண்ணெய் நுரைத்துப் பொங்கியது, அதனால் கலப்படமோ என்று பயந்து ஒதுக்கிவிட்டோம் என்று பலர் எழுதியிருந்தார்கள். புட்டியின் அடியில் கசடு தங்கியிருந்ததைச் சிலர் சொன்னார்கள். சுத்திகரிக்கும்போது எண்ணெயிலுள்ள பிசின் போன்ற பொருள்களை நீக்கிவிடுகிறார்கள். செக்கில் ஆட்டியதில் அவையும் சிறிதளவு ஈரமும் தங்கியிருப்பதால் சூடேறும்போது நுரை எழுகிறது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதாலேயே, அதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதுவரை எங்கள் விளம்பரங்களில் 'தூய்மையானது, பாரம்பரியமானது' என்று இருந்தது. செக்கு வைத்திருக்கும் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு, எங்கள் அடுப்படியிலேயே வடை சுட்டு, நுரை எழுவதையும் அது ஏன் எழுகிறது என்பதையும், வாணலியில் பாதி அளவுக்கே எண்ணெய் ஊற்றி மிதமான தீயில் வைக்க வேண்டும் என்பதையும் ஒரு சிறிய காணொளியாக எடுத்தோம். அதையே ஓர் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு பார்சலிலும் வைக்கிறோம். வெயிலில் தெளியவைக்கும் நாள்களையும் கூட்டினோம். இப்போது இரண்டாம் முறை வாங்குகிறவர்கள் கண்கூடாகக் கூடியிருக்கிறார்கள். விளம்பரச் செலவோ பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. நீங்கள் கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தால், அது உங்கள் விற்பனை முறையில் எதை மாற்றியது என்று எழுத வேண்டுகிறேன்.

கும்பகோணம், காப்பித்தூள் வணிகர்:

அண்ணா, உங்கள் முதல் கேள்வி என்னைச் சுட்டது. கடைசியாக எதை வாங்கினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. எதை விரும்புவீர்கள் என்றே கேட்டேன். சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் விகிதத்தையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே வாங்குகிறவர்களுக்கு விகிதம் தெரிந்தே இருக்கும் என்று எண்ணி, உங்களுக்கு எந்த விகிதம் பிடிக்கும் என்று படிவத்தில் கேட்டேன். சிக்கரியே வேண்டாம் என்று பதில்கள் குவிந்தன. அதை நம்பிக் கலப்பில்லாத தூளை நிறைய அரைத்து, விளம்பரத்தையும் அதற்கே மாற்றினேன். கடையில் வழக்கம்போல எழுபதுக்கு முப்பதுதான் போயிற்று. அரைத்து வைத்த தூள் மணம் இழந்து வீணானது.

வாடிக்கையாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிக்கரி என்றால் மட்டமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கேள்வி கேட்கும்போது அந்த எண்ணம் பதில் சொல்கிறது, காலையில் டிகாக்ஷன் இறக்கும்போது நாக்கு முடிவு செய்கிறது. இப்போது படிவத்தில் ஒவ்வொருவருடைய ஆர்டர் எண்ணையும் கேட்டு, அவர்கள் சொல்வதையும் வாங்கியதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் வேறுபட்டால் வாங்கியதையே நம்புகிறேன்.

மதுரை, சுங்குடிச் சேலை விற்பவர்:

நான் செய்த தவறு பரிசு. படிவம் நிரப்புகிறவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் ஒரு சேலை என்று அறிவித்தேன். இரண்டே நாளில் இணைப்பு எந்தெந்தக் குழுக்களுக்கோ போய்விட்டது; என்னிடம் ஒரு கைக்குட்டைகூட வாங்காதவர்கள் நிறம், கரை, விலை என்று எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதில்களை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு சேலை கைக்குக் கிடைத்துப் பத்து நாள் கழித்து, அதாவது ஒரு முறையாவது துவைத்திருப்பார்கள் என்ற கணக்கில், வாங்கியவருக்கு மட்டும் கேள்வி அனுப்புகிறேன். பரிசு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் முதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அறுபது வயதைக் கடந்த அம்மாக்கள் ஒருவரும் பதில் எழுதவில்லை. தமிழில் மாற்றி, எழுத இயலாதவர்கள் குரல்பதிவாகவும் அனுப்பலாம் என்று சேர்த்தபோதுதான் அவர்கள் பேசினார்கள். 'துவைக்கத் துவைக்கப் பூப்போல ஆகிறது' என்று ஓர் அம்மா சொன்ன சொற்களை, அவருடைய அனுமதி பெற்று, விளம்பரத்தில் அப்படியே வைத்தேன். நான் யோசித்து எழுதிய எந்த வரியும் அத்தனை பேரைக் கேட்க வைத்ததில்லை.

அண்ணா, விலகிப் போனவர்கள் பொதுவாகப் பதில் சொல்வதில்லையே. உங்கள் அக்கா அனுப்பிய செய்தி எப்படித் தொடங்கியது?

சென்னை, சந்தை ஆய்வுத் துறையில் பணிபுரிபவர்:

காங்கேயத்து நண்பருக்கு நேர்ந்தது மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ், தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் போன்ற பட்டியல்களிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று கணித்தது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். பட்டியலும் ஒருபக்கமாக இருந்தது. சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒருபக்கமாக இருந்தார்கள். 385 பதில்கள் கிடைத்தால் ஐந்து சதவீதப் பிழைக்குள் அடங்கிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பும் படிவத்துக்கு அது பொருந்தாது.

விலையைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'இந்த விலை சரியா' என்று கேட்டால் பயனில்லை. குறைக்கச் சொல்வதே வாங்குகிறவருக்கு நன்மை. பீட்டர் வான் வெஸ்டென்டார்ப் என்ற டச்சுப் பொருளியலாளர் 1976இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார். எந்த விலைக்குக் கீழே போனால் தரத்தின்மேல் ஐயம் வரும், எந்த விலை மலிவாகவும் நியாயமாகவும் தோன்றும், எந்த விலையில் அதிகம் என்று தோன்றினாலும் யோசித்து வாங்குவீர்கள், எந்த விலைக்கு மேல் வாங்கவே மாட்டீர்கள் என்பவை அவை. செக்கு எண்ணெய் போன்ற பொருளுக்கு முதல் கேள்வி மிக முக்கியமானது, ஏனெனில் விலையைக் குறைப்பதே ஐயத்தைக் கிளப்பக்கூடும்.

காங்கேயம், செக்கு எண்ணெய் வணிகர்:

ஐயா, மிக்க நன்றி. ஐப்பசி மாதத்தில் பலகார எண்ணெய்க்கான ஆர்டர் தொடங்கும் முன்பே அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கிறோம். இந்த முறை பதிவேட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் என்று எண்ணி எடுத்து அனுப்புவதாக அக்கா சொல்கிறார்.

மதுரைத் தங்கையின் கேள்விக்குப் பதில்: அக்கா முதலில் எழுதியது தள்ளுபடி அறிவிப்பைப் போல இருந்ததால் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பிறகு மாற்றி எழுதினார். 'வணக்கம்மா, மாசி மாதம் எங்களிடம் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினீர்கள். மறுபடி வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. எண்ணெயில் ஏதாவது குறை இருந்திருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இனி உங்களுக்குச் செய்தி அனுப்ப மாட்டோம்' என்று தொடங்கி, வாங்கிய மாதத்தையும் பொருளையும் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டைப் பார்த்து மாற்றி மாற்றித் தட்டச்சு செய்தார். பதில் வராதவர்களுக்கு இன்றுவரை ஒரு செய்திகூட நாங்கள் அனுப்பவில்லை.